தூசி தட்டும் வாரம்

இதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது முன்னே பின்னே சொல்லி, பழி என் மேல் வந்து விழுந்துவிடக் கூடாது. தப்பெல்லாம் எங்கள் பள்ளி நூலக மேடம் மேல்தான்.

மேடத்துக்கு ‘மாணவர் மனம் கவர்ந்த நூலகர்’ என்று விருது தரப்போகிறார்களாம். கவர்ந்தாராம்! கூட்டிப் பெருக்குகிற எனக்குத் தெரியாதா?

பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருவார்கள். வாயில் விரலை வைத்துக்கொண்டு, பூட்டிய கண்ணாடி அலமாரிகளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

“தொட்டா அழுக்காயிடும்” என்பார் மேடம்.

சுவரில் மட்டும் அவர் கையாலேயே எழுதிய அட்டை: ‘நூலகர் உங்கள் தோழி.’ வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

அலமாரிச் சாவி என்னிடம் இருக்கும். வாரம் ஓர் அலமாரி தூசி தட்ட வேண்டும். புத்தகங்களை எல்லாம் இறக்கி மேசையில் அடுக்குவேன். அதில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் கொக்குக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்புப் பெண். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர்.

“அத்தே, இந்த வாரம் எந்த அலமாரி?”

“கல்லு, மண்ணு.”

“போன வாரம் பூரா ராஜா ராஜாவா செத்தாங்க. இப்போ கல்லா? கடல் எப்போ அத்தே வரும்?”

“தூசி எங்கயோ, படிப்பும் அங்கதான். வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்துடணும். ஒரு மூலை மடங்கியிருந்தாலும் உன் கழுத்தை மடக்கிடுவேன்.”

கடல் அலமாரியும் வந்தது. ஒரு மூலையும் மடங்கியதில்லை. நான் பெருக்கப் பெருக்க, பின்னாலேயே வந்து படித்ததைச் சொல்வாள். எட்டு வருஷத்தில் மேடம் பின்னால் ஒரு பிள்ளையாவது அப்படி நடந்திருக்குமா?

நேற்று விருதுக்காக ஓர் அதிகாரி வந்தார். மேடம் நான்கு பெண்களை வரிசையாக நிறுத்தி, “மேடம் எங்களுக்கு ஃபிரெண்டு மாதிரி சார்” என்று சொல்லப் பழக்கி வைத்திருந்தார். கொக்கும் அதில் ஒருத்தி. நான் தண்ணீர்த் தட்டோடு நின்றேன்.

மூன்று பேர் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். அதிகாரி கொக்கிடம், “கடைசியா என்னம்மா படிச்சே?” என்றார்.

கேட்டதுதான் தாமதம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீலம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அதிகாரி அசந்துபோனார். மேடத்தின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

“எப்போ எடுத்தே?” என்று அதிகாரி புத்தகப் பதிவேட்டைப் புரட்டினார். கொக்கின் பெயர் இல்லை. யார் பெயருமே இல்லை.

“ஒரு புத்தகம்கூட வெளிய போகலையே மேடம்? இந்தப் பொண்ணுக்கு யார் குடுத்தாங்க?”

பல்லெல்லாம் உள்ளே போனது. “யாருடி குடுத்தா?”

கொக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தாள்.

“யாரும் குடுக்கலை மேடம். நானேதான் எடுத்தேன்.”

“திருடினியா? திருட்டுக் கையை இந்தப் பள்ளிக்கூடத்துல வெச்சிருக்க மாட்டோம், தெரியுமில்ல?”

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

மேடம் என்னைப் பார்த்தார். “பூட்டின அலமாரியை இவ எப்படித் திறந்தா? சாவி உன்கிட்டதானே இருக்கு ஆயா?”

தண்ணீர்த் தட்டை மேசை மேல் வைத்தேன்.

“முகம் கழுவப் போனப்ப மேசை மேல வெச்சிருந்தேன் மேடம்” என்றேன். “அப்போ எடுத்திருப்பா.”