ஏழு தகடுகள்

வேல்ஸ் மலையில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் இத்வாலின் பழைய ஜீப்புக்கு, போன வருடம் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. வருடாந்திரச் சோதனைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சோம்பல்பட்டு, ஓட்டையின் மேல் தாரை அப்பிக் கொண்டுபோனார். ஜீப் பாஸாகிவிட்டது. மூன்றாம் வாரம் மலைச்சரிவில் சட்டம் ஒடிந்தது. ஓட்டிப்போனவன் மகன் ஐவன். அவனை அடக்கம் செய்த பிறகும் தார் சங்கதியை மனைவி நெஸ்ட்டாவிடம் அவர் சொல்லவில்லை.

ஒடிந்த ஜீப்பை இழுத்துவந்து, சனிக்கிழமைதோறும் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கிறார். அடுத்த சனிக்கிழமை தகடு இருப்பதில்லை. அதே ஓட்டை, அதன்மேல் ஈரம் காயாத தார். தார் டப்பாவைத் தூக்கியெறிந்தார். கொட்டகையைப் பூட்டிப் பார்த்தார். ஏழு தகடுகள் போயின.

"அவனே போயிட்டான். இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு ஏங்க அழறீங்க? வித்துத் தொலைங்க," என்றாள் நெஸ்ட்டா.

"ஒரு தகடுதான் பாக்கி."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

எட்டாவது தகட்டைப் பற்றவைத்ததும் அவர் சோப்புப் போட்டுக் கைகழுவினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தகட்டையே பார்த்திருந்தார். பொழுது சாயும்வரை அது அப்படியே பளபளத்தது.

நெஸ்ட்டா தேநீரும் திராட்சை ரொட்டியும் கொண்டுவந்தாள். கோப்பையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"இதென்னங்க, கையெல்லாம் தார்?"