வழுக்காத தரை

"வாளி கை நழுவி விழுந்துச்சாம். டைல்ஸ் உடைஞ்சுடுச்சாம். கையில என்ன விளக்கெண்ணெயா தடவியிருக்கா?"

டைல்ஸ் போடுபவர் பைக்கை நிறுத்தி உள்ளே வருவதற்குள் டிரில் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். ரிட்டயராகிப் பல வருடமாகியும் அவர் குரல் மட்டும் இன்னும் ஸ்கூல் மைதானத்தைவிட்டு வரவில்லை.

அவர் மனைவி பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரை. நட்டநடுவில் ஒரு டைல்ஸ் மட்டும் நாலாபுறமும் விரிசல் விட்டிருந்தது.

"இது பழைய மாடல் சார். இதே டிசைன் இப்ப கிடைக்காது. கிட்டத்தட்ட இதே கலர்ல ஒண்ணு தேடிப் பிடிச்சுப் போட்டுடறேன்."

"போட்டுட்டுக் கிளம்பு. காலையில ஆரம்பிச்சா மத்தியானம் முடியற வேலை."

"ஐயோ, பொக்கை வாயில ஒத்தைப் பல்லு கட்டின மாதிரி இருக்குங்க. மொத்தத் தரையையும் மாத்திடலாமே" என்று முதல்முறையாக வாயைத் திறந்தார் மனைவி.

"கேட்டியாப்பா? ஒண்ணை உடைச்சுட்டு ஒன்பதை மாத்தச் சொல்றா. செய்யறதையும் செஞ்சுட்டு யோசனை வேற! என்னமோ பண்ணித் தொலைங்க."

மாஸ்டர் ஹாலுக்குப் போய் பேப்பரை விரித்துக்கொண்டார்.

டைல்ஸ்காரருக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் வீட்டில் இப்படிக் குரலை உயர்த்தினால் அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்காது.

"விடுங்கம்மா. வாளி விழறதெல்லாம் எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்" என்றபடி மூலையில் இருந்த வாளியை நகர்த்தப் போனவர், அதைத் தூக்கிப் பார்த்தார்.

பிளாஸ்டிக். இறகு மாதிரி இருந்தது.

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஹாலைப் பார்த்தார். பிறகு கதவைப் பாதி சாத்தினார்.

"சுத்தியல்தாம்ப்பா. முதல் அடியில அசையவே இல்லை. மூணாவதுலதான் விரிசல் விட்டுச்சு."

"எதுக்கும்மா?"

"மெதுவா பேசு. குளிச்சுட்டு வரும்போது அவருக்கு ரெண்டு தடவை கால் சறுக்கிடுச்சு. என் கண் முன்னாடி. நல்லவேளை, கதவைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு உயிரே போயிடுச்சு."

"அதைச் சொல்லியே தரையை மாத்தலாமே?"

"யார்கிட்ட? 'வயசாயிடுச்சு, வழுக்காத தரையா போடலாம்'னு நீ வேணா சொல்லிப் பாரேன். அப்பவே மொட்டை மாடிக்குப் போய் நூறு தண்டால் எடுப்பார்."

"அதுக்காக இவ்வளவு திட்டு வாங்கணுமா?"

"திட்டு என்ன, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டா போச்சு. இடுப்பெலும்பு போனா திரும்பி வருமா? நீ நல்லா சொரசொரப்பா பார்த்துப் போடு. கேட்டா, இப்ப இதுதான் ஃபேஷன்னு சொல்லிடு."

மறுநாள் புது டைல்ஸ் வந்தது. மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா இது, உப்புத்தாள் மாதிரி இருக்கு?"

"இப்ப இதுதான் சார் ஃபேஷன். பெரிய பெரிய ஹோட்டல்ல எல்லாம் இதான் போடறாங்க."

"ஃபேஷனாம் ஃபேஷன்! பாதம் தேய்ஞ்சு தேய்ஞ்சு நான் குள்ளமாகப் போறேன். எல்லாம் இவளால!"

அதற்கப்புறம் தூசி பறந்தால் மனைவிக்குத் திட்டு. மெஷின் சத்தம் போட்டால் மனைவிக்குத் திட்டு. சிமென்ட் காயும்வரை மாஸ்டர் பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனாரே, போகும்போது ஒரு திட்டு, வரும்போது ஒரு திட்டு. அந்த அம்மாவோ டீயை ஆற்றி, டைல்ஸ்காரர் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தார்.

வேலை முடிந்தது. டைல்ஸ்காரர் வாசலில் நின்று சாமான் பையை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் அவரை வழியனுப்ப வந்தார்.

டைல்ஸ்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். ஒரே ஒரு டைல்ஸுக்காக அம்மாவை இப்படிக் காய்ச்சி எடுக்கறீங்களே, நல்லாவா இருக்கு?"

மாஸ்டர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மைதானத்துக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"திட்டலைன்னா சந்தேகப்பட்டுடுவாப்பா. டங்கு டங்குன்னு அவ போட்ட போடு ஹால் வரைக்கும் கேட்டுது. நான் பேப்பரால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

டைல்ஸ்காரர் கையிலிருந்த கயிறு நழுவியது.

"அப்ப உங்களுக்கு எல்லாமே தெரியுமா? சார், அம்மா உங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. நீங்க ரெண்டு தடவை சறுக்கினீங்களாமே..."

"யாரு, நானா?" மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "அவ பார்க்கற நேரமா பார்த்து, அடிபடாம சறுக்கறதுக்கு எவ்வளவு பிராக்டீஸ் பண்ணினேன் தெரியுமா?"

"சார்?"

"காலையில எழுந்தா தலை சுத்தறது அவளுக்குப்பா. விழாம பார்த்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா, 'உனக்காகத்தான்'னு சொன்னா இந்த வீட்டுல ஒரு கல்லையாவது மாத்த விடுவாளா அவ?"