சுலைகாவின் சுவரில் இரண்டு வாள்கள்

சுலைகா பீவிக்குப் பழைய வாள்கள் என்றால் உயிர். அவள் வீட்டுச் சுவரில் வெள்ளிப்பிடி போட்ட பர்மா வாள் ஒன்று தொங்கியது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெருமை அதற்கு நிறையவே உண்டு.

ஒருநாள் சுலைகா ஜாவாவிலிருந்து வந்த கிரிஸ் என்ற குத்துவாளை வாங்கி வந்தாள். துருவேறி, பாம்பு போல நெளிந்து கிடந்தது அது.

"உன்னை நிமிர்த்திவிட ஆளே கிடைக்கலையா?" என்று சிரித்தது பர்மா வாள்.

"என்னை அடிச்ச கொல்லர் ஒவ்வொரு நெளிவையும் எண்ணி எண்ணித்தான் வச்சார்" என்றது கிரிஸ்.

சுலைகா எலுமிச்சைச் சாறு தொட்டு அதைப் பொறுமையாகத் தேய்த்தாள். துரு கரையக் கரைய, கறுத்த இரும்பில் வெளிர்கோடுகள் நீரோட்டம் போல எழுந்து வந்தன.

"இத்தனை அழகையும் உள்ளே வச்சுக்கிட்டா சும்மா இருந்தே?" என்று கேட்டது பர்மா வாள்.

சுவரில் வேறு இடமில்லாததால், சுலைகா கிரிஸைக் கீழே ஓரமாக மாட்டினாள். மறுநாள் வந்த விருந்தாளி வழக்கம்போல வெள்ளிப்பிடியைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்ப எழுந்தார். கிரிஸை அவர் பார்க்கவே இல்லையே என்று பர்மா வாளுக்குப் பொறுக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் அசைந்து, உறையோடு ஆணியிலிருந்து நழுவி, தடாலென்று விழுந்தது.

அதை எடுக்கக் குனிந்த விருந்தாளியின் கண் கிரிஸின் மேல் பட்டது. "அடடா!" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பர்மா வாளை எடுக்க யாருக்கும் நினைவில்லை. அது தரையிலேயே கிடந்தது. அங்கிருந்து பார்க்க, கிரிஸ் இன்னும் அழகாக இருந்தது.