மீட்டர் பெட்டிச் சாவி

பெர்ன்ஹில் சரிவில் காலை எட்டு மணி ஆகியும் பனிமூட்டம் விலகவில்லை. தரணிதரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கைப்பேசியில் தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கேமரா மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. போன வாரம் கீழ்வீட்டில் திருட்டு. பூட்டை யாரும் உடைக்கவில்லை. இந்தத் தெருவில் எல்லோரும் வைப்பதுபோல மீட்டர் பெட்டிக்குள் வைத்திருந்த சாவியை எடுத்துத் திறந்திருக்கிறார்கள். மறுநாளே எல்லா வீட்டுச் சாவியும் உள்ளே போய்விட்டது. பதினோரு வருடமாக வீட்டு வேலைக்கு வரும் வேலாமணி அந்த வாரம் லீவு. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது திரையில் அவள் குடையை மடக்கிவிட்டு, பழக்கத்தில் மீட்டர் பெட்டிக்குள் கையை விடுகிறாள். கை துழாவுகிறது, அப்படியே நிற்கிறது. "ஏனுங்க, போய்க் கதவத் தொறங்க. குளுருல நிக்கிறா" என்கிறாள் அவர் மனைவி இந்து, அடுப்படியிலிருந்து. "நீதான கேமரா வெக்கச் சொன்ன?" "திருடனப் பாக்கச் சொன்னனுங்க. வேலாமணியவா பாக்கச் சொன்னேன்?" அவர் எழுந்து கதவருகே போகிறார். சாவி ஸ்வெட்டர் பையில் உடம்புச் சூட்டோடு கிடக்கிறது. கண் மட்டும் கைப்பேசியை விடவில்லை. திரையில் வேலாமணி நிமிர்ந்து கேமராவைப் பார்த்துவிடுகிறாள்.  பிறகு தன் பையை விரித்துக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு சோற்று டப்பா, வெற்றிலைப் பொட்டலம், மடித்த துண்டு. "வரும்போது இவ்வளவுதானுங்க இருக்குது. போகும்போதும் பாத்துக்குங்க." குரல் முதலில் கதவு வழியாகக் கேட்கிறது, ஒரு நொடி கழித்து, அவர் கையிலிருந்தும்.