வாசலில் மூன்று ஜோடி

காவல் நிலைய வாசலில் மூன்று ஜோடிக் காலணிகள் காத்திருந்தன. கல்லூரி ஓட்டப்பந்தய வீரன் அமலன், பைக்கில் ஒரு பூக்காரம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டானாம்.

"என்னை ஓடத்தானே பழக்கினீங்க, நிற்கவா பழக்கினீங்க?" என்று அழுதது அமலனின் ஷூ.

"அதெல்லாம் வீட்டுல சொல்லித்தரணும்," என்றது கோச்சின் ஷூ.

"காலேஜுல சொல்லித்தருவீங்கன்னு இருந்துட்டேன் சார்," என்றது அவன் அம்மாவின் செருப்பு. அதன் வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

ஜாமீனில் வெளியே வந்த அமலன் ஷூவுக்குள் காலை நுழைத்தான்.

"நாளைக்கு ஃபைனல். வண்டியில ஏறுடா," என்றார் கோச்.

"முதல்ல அந்தம்மாவைப் பாக்கணும் சார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்மா?"

அம்மாவின் செருப்பு முன்னால் நடந்தது. அமலனின் ஷூ ஒட்டியே போனது.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் போங்கப்பா," என்றது கோச்சின் ஷூ. "நானும் வரேன்."