கீழ் வீட்டுக்காரரின் பதினேழு புகார்கள்

"'நேற்று மதியம் ஒன்றேகால் மணிக்கு நீங்கள் நாற்காலியை இழுத்தீர்கள்.' அடியே, நேத்து ஒன்னேகாலுக்கு நீ என்கூடத்தானே இருந்த? இதே பெஞ்சுல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தியேடி" என்றாள் ஏதேரி, சீட்டை மடித்தபடி.

"அதான் எனக்கும் புரியல அக்கா" என்றாள் மனானா.

முதியோர் இல்லத்தின் ஊழியர் அறை. இருவரும் ஜார்ஜியாக்காரிகள். ஏதேரி ஜெர்மனியின் டார்ட்முண்டுக்கு வந்து ஒன்பது வருடம். மனானா வந்து ஐந்தே மாதம். ஒன்பது வயது மகள் லீசியை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இதோட எத்தனை?"

"பதினேழு."

"பதினேழா? கல்யாணத்துக்கு முன்னாடி என் புருஷன்கூட எனக்கு இத்தனை கடுதாசி எழுதல."

மனானா குடியிருக்கும் கட்டடத்தில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கவே கூடாது. மீறினால் யாரும் சண்டைக்கு வந்து நிற்பதில்லை. எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். கீழ் வீட்டு லூபிஷ் முதலில் இரண்டு வரி எழுதினார். இப்போது ஒரு பக்கம் நிறைய எழுதுகிறார். மனானா அகராதியைப் புரட்டி, ஜெர்மனில் 'மன்னிக்கவும், இனி நடக்காது' என்று பதில் எழுதி அவர் கதவில் ஒட்டுவாள். மறுநாள் அந்தக் கடிதம் பிழைகளெல்லாம் சிவப்புப் பென்சிலால் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். அடியில் புதுப் புகார் ஒன்று.

"நேர்ல போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"போனேனே. வால்நட் கேக் செஞ்சு எடுத்துட்டுப் போய் மூணு தடவை மணி அடிச்சேன். உள்ள விளக்கு எரியுது, ஆள் நடமாடறது தெரியுது. கதவு திறக்கல. வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் தட்டைக் கழுவித் தொடச்சு என் வாசல்ல வெச்சிருந்தாரு. மேல ஒரு சீட்டு."

"நன்றியா?"

"நான் வால்நட் இடிச்ச சத்தம் தாங்கலையாம். பட்டை வாசனை மட்டும் நல்லா இருந்துச்சாம். நான் பொடிச்ச வால்நட்தான் அக்கா வாங்கினேன்."

"சரியான கிறுக்கு."

"படியில எனக்கு முன்னாடி போயிட்டிருப்பாரு. வணக்கம் சொன்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"திமிரு. உன்னைத் தொரத்தத்தான் பாக்கறான். வீட்டு ஓனர் காதுக்குப் போறதுக்குள்ள நீயே போய்க் கால்ல விழு. லீசி விஷயம் இருக்குல்ல?"

லீசி விஷயம்தான் எல்லாமே. மகளை இங்கே அழைத்துக்கொள்ள, குழந்தை இந்த வீட்டில் தங்கலாம் என்று ஒரு படிவத்தில் வீட்டு உரிமையாளர் தரப்பின் கையெழுத்து வேண்டும். பதினேழு புகார் உள்ள வீட்டுக்கு யார் போடுவார்கள்?

அதனால் மனானா வீட்டுக்குள் கம்பளிக் காலுறையோடு பூனை மாதிரி நடந்தாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினாள். எண்ணெய் சத்தம் போடும் என்று எதையும் பொரிப்பதில்லை. மகளோடு போனில் பேசும்போது போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வாள்.

போன ஞாயிறு லீசி கேட்டாள்: "அம்மா, நீ ஏன் எப்பவும் ரகசியம் மாதிரியே பேசற? உன் நிஜக் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

அன்று மனானா போர்வைக்குள்ளிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது.

ஏதேரியிடம் பேசிய மறுநாள் மாலை, கட்டடப் பொறுப்பைக் கவனிக்கும் திருமதி டெம்ஸ்கியின் மேஜையில் படிவத்தை வைத்தாள். பக்கத்திலேயே பதினேழு சீட்டுகளையும் வைத்தாள். எப்படியும் தெரியப்போகும் சங்கதி, தன் வாயால் தெரியட்டும்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். வீடு பூரா கம்பளம் போட்டுடறேன். எம்பொண்ணு குதிக்க மாட்டா."

டெம்ஸ்கி சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டு புரளும்போதும் மனானா ஒரு படி இறங்கினாள். கடை சாத்தும் நேரத்தில் சரக்கைத் தள்ளிவிடும் வியாபாரிபோல் கையில் இருந்ததையெல்லாம் விட்டுக்கொடுத்தாள். பந்து வாங்கித் தர மாட்டேன். பாட்டு வைக்க மாட்டேன். கூட்டாளிகளை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதென்று சொல்லிவிடுகிறேன்.

"சத்தமா சிரிக்கக் கூடாதுன்னுகூடச் சொல்லிவெக்கறேன். சொன்னா கேட்டுக்குவா" என்றாள்.

டெம்ஸ்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினாள்.

"இதெல்லாம் லூபிஷ் எழுதினதா?"

"ஆமா."

"உன் காலடிச் சத்தம், நாற்காலிச் சத்தம், வால்நட் இடிக்கற சத்தம்?"

"ஆமா. இனிமே கண்டிப்பா—"

"உருக்காலையில முப்பது வருஷம் சம்மட்டி மிஷினுக்குப் பக்கத்துல நின்ன மனுஷன்மா. அவருக்குக் காது சுத்தமா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. போன குளிர்காலத்துல பொண்டாட்டி போய்ச் சேர்ற வரைக்கும், ரெண்டு பேரும் சீட்டுல எழுதித்தான் பேசிக்குவாங்க."

அன்று மாலை லூபிஷின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'வருகிற ஞாயிறு நான்கு மணிக்கு என் வீட்டில் தாங்க முடியாத சத்தம் இருக்கும். தயவுசெய்து நேரில் வந்து புகார் சொல்லவும். சிவப்புப் பென்சிலையும் கொண்டுவரவும்.'