பதினேழாம் நம்பர் கோளாறு

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மெக்கானிக்கின் மனைவி.

வெளியே, மூன்றாம் மாடிக் கதவின் முன்னால், மெக்கானிக் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் இருந்த டேப்லெட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே சிவப்பில் ‘17’ என்று விட்டு விட்டு மின்னியது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்க்காத கோளாறு இல்லை. ஆனால் இது போன மாதம் மாட்டிய புது மாடல். பதினேழு என்றால் என்ன என்பது கம்பெனி அனுப்பிய கையேட்டில்தான் இருக்கிறது. கையேட்டை அன்றைக்கே டவுன்லோட் செய்துவிட்டார். டேப்லெட்டுக்குள்தான் இருக்கிறது.

எங்கே என்பதுதான் தெரியவில்லை.

மறுபடி இறக்கலாமென்றால் அந்த லிங்க் ஒருமுறைதான் திறக்குமாம். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு வருகிறது.

“அண்ணே, பத்து நிமிஷத்துல சரியாகலேன்னா தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. கதவை உடைச்சிருவாங்க” என்றார் காவலாளி.

மெக்கானிக்கின் சொந்த மனைவியை, மெக்கானிக் கண்ணெதிரிலேயே, கோடாலி வைத்து மீட்பது. அவர் வேகமாகத் தேடினார்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள் ஒரே குவியலாகக் கிடக்கும். டவுன்லோட் செய்வது, தொலைப்பது, மறுபடி டவுன்லோட் செய்வது. அவருக்குத் தெரிந்த முறை அதுதான். ஒரே வயரிங் படம் நாற்பத்தோரு தடவை இருந்தது.

மனைவிக்கு இதே கட்டடத்தின் ஆறாம் மாடி நூலகத்தில், புத்தகங்களை வகை பிரிக்கிற வேலை. அந்தக் குவியலை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் போல்டர் போல்டராகப் பிரித்துவைத்தார்.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு படம் கிடைக்காமல் போக, மெக்கானிக் போனில் கத்தினார்: “நல்லா இருந்ததைக் குப்பையாக்கி வெச்சிருக்கியே!”

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஒன்பது நாளாயிற்று. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் நூலக அட்டையில் எழுதி மேஜையில் வைத்துவிடுவார் மனைவி. ‘சோப்பு தீர்ந்தது. மேலும் காண்க: பல்பொடி.’

இப்போது திரையில் போல்டர்கள் வரிசையாக நின்றன. ‘பிறகு பார்க்கலாம்.’ ‘சந்தேகத்துக்குரியவை.’ ‘ஒருபோதும் திறக்க மாட்டீர்கள்.’ கடைசியாக இருந்ததைத் திறந்தார். அவர் டவுன்லோட் செய்த உடற்பயிற்சிப் பாடங்கள் பன்னிரண்டும் அதில் இருந்தன.

“உள்ள இருக்கறவங்களையே கேட்டுட்டா என்னண்ணே?” என்றார் காவலாளி.

மெக்கானிக் காதில் விழாத மாதிரி அடுத்த போல்டரைத் திறந்தார்.

பல் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த ஒருவர் நின்று நிதானமாக நிலவரத்தைப் பார்த்தார். ஊசி போட்டதில் பாதி வாய் மரத்துப்போய், கன்னத்தில் பஞ்சு. அவரும் ஏதோ அபிப்பிராயம் சொன்னார். ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் விரலை முதலில் டேப்லெட்டுக்கு நேராகவும் பிறகு லிஃப்டுக்கு நேராகவும் நீட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். கதவைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த லிஃப்ட் புக்கு… எங்க வெச்சே?”

மேலேயிருந்து குரல் வந்தது.

“எது? அந்தக் குப்பையா?”

காவலாளி கூரையைப் பார்த்தார்.

“அது குப்பை இல்ல” என்றார் மெக்கானிக், உதடு அசையாமல்.

“கேக்கல. சத்தமா சொல்லுங்க.”

“குப்பை இல்ல!”

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. பல் டாக்டர் கதவைத் திறந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

“‘இயந்திரங்கள்’ திறங்க. அதுக்குள்ள ‘ஏறி இறங்குபவை’. அதுக்குள்ள ‘உள்ளே ஆள் இருக்கும்போது’. முதல்ல இருக்கறதே அதுதான்.”

ஒவ்வொன்றாகத் திறந்தார். ‘ஏறி இறங்குபவை’யில் லிஃப்ட் படங்களோடு அவருடைய ரத்த அழுத்த ரிப்போர்ட்டுகளும் இருந்தன. சுர்ரென்று கோபம் வந்தது. அடுத்த நொடியே, சரிதானே என்று பட்டது. ஏறி இறங்குவதுதானே அதுவும்.

ரிப்போர்ட்டுகள் ஆறு வருஷத்துக்கும் இருந்தன, ஒன்று விடாமல். அவரே எப்போதோ தொலைத்துவிட்டதாக நினைத்தவைகூட.

கையேடு கிடைத்தது. அறுபத்து நான்காம் பக்கம்.

‘17: உள்ளே இருப்பவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தி வைத்துள்ளார். கோளாறு எதுவும் இல்லை. அவர் பொத்தானை இழுத்துவிட்டால் லிஃப்ட் தானாக நகரும்.’

மெக்கானிக் அதை மூன்று தடவை படித்தார்.

“கிடைச்சுதாண்ணே?”

அவர் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துத் தரையில் வைத்தார்.

“கண்டுபிடிச்சாச்சுப்பா. தீயணைப்பெல்லாம் வேணாம்னு சொல்லிடு. சரி பண்ணத்தான் நேரமாகும். நீ கீழ போ.”

காவலாளியின் காலடி இரண்டு மாடி இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு நகர்ந்து, லிஃப்ட் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“உள்ள காத்து வருதா?”

“வருது.”

“உட்கார்ந்துக்கோ. இது சட்டுனு ஆகற வேலை இல்ல.”

மேலே, சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

“மெதுவாவே பாருங்க” என்றார் மனைவி.